ஏலக்காட்டு வீட்டின் கதவைத் தட்டுவது யார்?

குமுளிக்கும் நெடுங்கண்டத்துக்கும் இடையில், ஏலக்காட்டு நடுவே நான்கு அறைகளை விருந்தினருக்கு விடும் ஒருவர் ஒருநாள் தன் கைப்பேசியை என் முன் நீட்டினார். ஹோம்ஸ்டேக்குப் புதிதாக இணையதளம் போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் தொடர்புப் படிவம்: பெயர், மின்னஞ்சல், போன் நம்பர், செய்தி என்று நான்கு கட்டங்கள், அடியில் 'அனுப்பு' பொத்தான். தளம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வாழ்த்து அனுப்பியிருந்தார்கள். மீதியெல்லாம் ரஷ்ய எழுத்தில் ஏதோ, ஈடில்லாமல் கடன் தருகிறோம் என்று ஏதோ, உங்கள் தளத்தை கூகுளில் முதல் பக்கத்துக்கு ஏற்றிவிடுகிறோம் என்று ஏதோ.

"பக்கத்துல வண்டன்மேட்டுக்காரங்களுக்கே நம்ம வீட்டுக்கு வழி தெரியாது சார். ரஷ்யாக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தெரியாது என்பதுதான் பதில். அனுப்பியவனுக்கு இடுக்கியும் தெரியாது, ஏலக்காடும் தெரியாது. அந்தப் படிவத்தை அவன் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. 'யாரோ வேண்டாதவன் செய்கிற வேலை' என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

யானையும் அட்டையும்

அரிக்கொம்பனைச் சின்னக்கானல் பக்கம் தெரியாதவர் கிடையாது. அரிசி இருக்கும் ரேஷன் கடையையும் வீட்டையும் தேடிப்போய் உடைத்த யானை. 2023 ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியார் புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டது. மே முடிவதற்குள் அது கம்பம் தெருவில் வந்து நின்றது. ஜூனில் தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு ஏற்றிப் போனது. எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்து வந்த யானை அது. அதற்கு ஊசியும் கும்கியும் லாரியும் வேண்டியிருந்தது.

நம் படிவத்துக்கு வருவது யானை அல்ல, அட்டை. மழைக்காலத்தில் இந்தக் காடுகளுக்குள் நடந்தவர்களுக்கு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு உங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. சூடான கால் ஒன்று வந்தால் போதும். அட்டைக்குத் துப்பாக்கி எடுத்துப் போகிறவர் யாரும் இல்லை. உப்பும் மூக்குப்பொடியும் எடுத்துப் போவார்கள்.

கணினிக்காரர்கள் 'பாட்' என்று சொல்லும் நிரல்கள்தான் இந்த அட்டைகள். மனிதர் உட்கார்ந்து இயக்காமல், இரவும் பகலும் தானே தளம் தளமாகப் போய்க்கொண்டிருப்பதால் இவற்றை இங்கே 'தானியங்கி' என்று அழைக்கிறேன். எல்லாத் தானியங்கியும் கெட்டதல்ல. கூகுளின் தேடல் பட்டியலில் உங்கள் விடுதி வருவதற்கும் ஒரு தானியங்கிதான் வந்து படித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

429 கோடி கதவுகள்

இணையத்தில் உள்ள ஒவ்வொரு சர்வருக்கும் எண்களால் ஆன முகவரி உண்டு. இன்றும் பரவலாகப் புழங்கும் பழைய முறையில் மொத்தம் 429 கோடி முகவரிகள்தான் சாத்தியம். மனிதனுக்கு அது பெரிய எண். 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'இசட்மேப்' என்ற நிரலை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கணினியும் வேகமான இணைப்பும் இருந்தால், அந்த முகவரிகள் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடலாம் என்று செய்து காட்டினார்கள். குமுளியில் பஸ் ஏறி மலையிறங்கிக் கம்பம் போய்ச் சேர்வதற்குள் உலகம் முழுக்கத் தட்டியாகிவிட்டது.

எண்ணைத் தட்டினால் சர்வர் கிடைக்கும். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும் என்பதால் தளத்தின் பெயரும் வேண்டும். அதற்கு வேறு வழி இருக்கிறது. தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் வருவதற்கு ஒரு சான்றிதழ் வாங்குகிறோம் அல்லவா? வங்கியின் பெயரில் யாரும் போலிச் சான்றிதழ் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக, வழங்கப்படும் சான்றிதழ்களை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் எழுதிவைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதே பதிவேட்டைத் தானியங்கிகளும் படிக்கின்றன. கடை திறக்கும் நாளன்று ஊரெல்லாம் தண்டோரா போட்ட மாதிரி, புதுத் தளத்தின் பெயர் சில நிமிடங்களில் வெளியே தெரிந்துவிடுகிறது. சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்வதற்கு முன்னாலேயே அட்டைக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் தளத்தைப் பராமரிப்பவரிடம் சர்வரின் வருகைப் பதிவை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். யார், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று வரிவரியாக இருக்கும். அதில் 'வேர்ட்பிரஸ்' என்ற மென்பொருளின் நுழைவுப் பக்கத்தைக் கேட்டு வந்த வரிகள் தவறாமல் இருக்கும். உங்கள் தளம் வேர்ட்பிரஸிலேயே செய்யப்படாமல் இருந்தாலும் இருக்கும். பூட்டு எந்தக் கம்பெனி என்று பார்க்காமல் கையில் இருக்கும் சாவிக்கொத்தைக் கதவுக்குக் கதவு போட்டுப் பார்க்கிற திருடனின் வேலை அது. குமுளி நண்பர் அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான், வேண்டாதவன் யாரும் இல்லை என்று சமாதானமானார்.

பார்க்காமலே நிரப்பும் கை

நாம் படிவத்தைக் கண்ணால் பார்க்கிறோம். தானியங்கி அதன் பின்னால் இருக்கும் எழுத்துக் குறிப்பை மட்டும் படிக்கிறது: 'இங்கே ஒரு கட்டம், அதன் பெயர் மின்னஞ்சல், இங்கே இன்னொரு கட்டம், நிரப்பியதை இந்த விலாசத்துக்கு அனுப்பு.' அவ்வளவுதான் அதற்கு வேண்டும். நிறம், படம், மூணாறு தேயிலைச் சரிவின் புகைப்படம் எதுவும் அதன் கண்ணில் படாது. பக்கத்தைத் திறக்காமலே, நிரப்பிய படிவத்தை நேராக சர்வரிடம் வீசிவிட்டுப் போய்விடும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரிந்துவிடும். 'போன் நம்பர் பத்து இலக்கம் இருக்க வேண்டும்' என்பது போன்ற சோதனையைப் பலர் வருகிறவரின் கைப்பேசித் திரையில் மட்டும் வைக்கிறார்கள். தானியங்கி அந்தப் பக்கமே வருவதில்லையே. வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துபோட்ட கதை. எந்தச் சோதனையாக இருந்தாலும் சர்வரில் மறுபடி நடக்க வேண்டும்.

அவர்களுக்கு இதில் என்ன லாபம்?

1978 மே 3 அன்று கேரி துர்க் என்ற அமெரிக்க விற்பனையாளர், தன் நிறுவனத்தின் கணினிகளுக்கு விளம்பரமாக, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். குப்பை அஞ்சலின் பிறந்தநாளாக அதைச் சொல்வார்கள். அனுப்புகிற செலவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதுதான் அன்றும் இன்றும் அதன் பொருளாதாரம். லட்சம் பேரில் ஒருவர் ஏமாந்தாலும் கட்டுப்படியாகும்.

படிவங்களைப் பொறுத்தவரை விளம்பரத்தைவிட மோசமான ஒன்று இருக்கிறது. 'உங்கள் செய்தி கிடைத்தது, நகல் இதோ' என்று எழுதியவருக்கே பதில் அனுப்பும் வசதியைப் பல தளங்கள் வைத்திருக்கின்றன. மரியாதைதான். ஆனால் தானியங்கி மின்னஞ்சல் கட்டத்தில் வேறு யாருடைய முகவரியையோ போட்டு, செய்திக் கட்டத்தில் மோசடி லிங்க்கைப் போட்டு அனுப்பினால், அந்த மோசடியை உங்கள் பெயரில், உங்கள் செலவில், உங்கள் சர்வரே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு வாரம் இப்படி நடந்தால் மின்னஞ்சல் நிறுவனங்கள் உங்கள் டொமைனைக் குப்பைக்காரன் என்று குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு மதுரையிலிருந்து அறை கேட்டவருக்கு நீங்கள் அனுப்பும் உண்மையான பதிலும் ஸ்பாம் பெட்டியில் போய் விழும். நகல் அனுப்பும் வசதியை எடுத்துவிடுங்கள். 'கிடைத்தது' என்று ஒரு வரி மட்டும் திரையில் காட்டினால் போதும்.

இதற்கு அண்ணனான பழைய தந்திரம் ஒன்றும் உண்டு. மின்னஞ்சலின் தலைப்பகுதியில் அனுப்புநர், பெறுநர், நகல் எல்லாம் வரிக்கு ஒன்றாக இருக்கும். முகவரி கேட்ட கட்டத்தில் முகவரியை எழுதி, அடுத்த வரிக்குத் தாண்டி 'மறைநகல்' என்று ஆயிரம் பேர் பெயரைச் சேர்த்து அனுப்பினால், அசட்டையாக எழுதப்பட்ட நிரல் அதையும் தலைப்பகுதியின் ஒரு வரி என்றே எடுத்துக்கொள்ளும். ஒற்றை வரிக் கட்டத்துக்குள் வரிமாற்றம் வந்தால் அந்தக் கடிதத்தை ஏற்காதீர்கள் என்று உங்கள் நிரலாளரிடம் சொல்லுங்கள். உண்மையான விருந்தினர் யாரும் தன் மின்னஞ்சல் முகவரிக்கு நடுவில் அடுத்த வரிக்குப் போவதில்லை.

வாளையார் வரிசை

"அந்தக் கோணல் எழுத்துப் படம் ஒண்ணு வெச்சுட்டா சரியாப் போயிடும்ல?" என்று நண்பர் கேட்டார். கேப்ட்சாவைத்தான் சொன்னார். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகிறவர்களுக்கு வாளையார் சோதனைச் சாவடி நினைவிருக்கும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனை முடியும்வரை அங்கே லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். கடத்தல்காரன் ஒருவனைப் பிடிக்க, ஒரு குற்றமும் செய்யாத தக்காளி லாரியும் வெயிலில் வாடும். கேப்ட்சா செய்வது அதே வேலை. குற்றம் தானியங்கியுடையது, தண்டனை மனிதருக்கு.

கேப்ட்சா என்ற பெயரைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆன், மேனுவல் பிளம் முதலானோர் வைத்தார்கள். மனிதரால் படிக்க முடிந்து, இயந்திரத்தால் முடியாத எழுத்தைக் கொடுத்து இருவரையும் பிரிப்பது யோசனை. வான் ஆன் 2007இல் அதை இன்னும் சாமர்த்தியமாக்கினார்: பழைய புத்தகங்களில் கணினியால் படிக்க முடியாமல் போன சொற்களையே வினாவாக வைத்தார். நாம் தட்டிக்கொடுத்த விடைகளால் நூல்கள் எண்மமாயின. 2009இல் கூகுள் அதை வாங்கியது. 2014இல், மிகக் கடினமான கோணல் எழுத்தையும் செயற்கை நுண்ணறிவு 99.8 சதவீதம் சரியாகப் படிக்கிறது என்று கூகுளே சொன்னது. சோதனைச் சாவடியைக் கட்டியவர்களே கள்ளப் பாதை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள்.

அதைவிட எளிய கள்ளப் பாதை மனிதர்கள். ஆயிரம் கேப்ட்சாவுக்கு ஒரு டாலர் அளவில் கூலி கொடுத்து ஆட்களை வைத்தே தீர்த்துவாங்கும் வியாபாரத்தை, சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் விவரமாக ஆராய்ந்தார்கள். கூலிக்குத் தீர்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கண்டுபிடிக்கப் பல மொழிகளில் வினா அமைத்துப் பார்த்தார்கள். அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது.

தத்கால் டிக்கெட் எடுக்கக் காலை 10 மணிக்கு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு மிச்சக் கதை தெரியும். கேப்ட்சா இருந்தும் டிக்கெட் கண் முன்னாலேயே பறந்துவிடும். முதல் ஐந்து நிமிடங்களில் நடக்கும் உள்நுழைவு முயற்சிகளில் பாதி வரை தானியங்கிகளுடையவை என்று ரயில்வே 2025இல் சொன்னது. இரண்டரைக் கோடி பயனர் கணக்குகளை முடக்கியது. ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்தவர்களுக்கு மட்டுமே இணையத்தில் தத்கால் என்றது. 'நீ இயந்திரமா?' என்று கேட்டுச் சலித்து, 'நீ யார்?' என்று கேட்கும் இடத்துக்கு ரயில்வே வந்துவிட்டது. ரயில்வேக்கு அது சரி. நான்கு அறை வாடகைக்கு விடுபவர் விசாரிக்கும் விருந்தினரிடம் ஆதார் கேட்க முடியாது.

ஒரு படிவமும் நான்கு விருந்தாளிகளும்

நண்பரின் படிவத்தில் கடைசியில் என்ன வைத்தோம் என்று சொல்கிறேன். வருகிறவர் கண்ணுக்கு ஒன்றுகூடப் புதிதாகத் தெரியாது.

முதலாவது, பொய்க் கட்டம். 'ஹனிபாட்' என்பார்கள், தேன் வைத்துப் பிடிக்கும் பொறி. படிவத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டத்தைச் சேர்த்து, திரையில் தெரியாதபடி ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். மனிதர் அதைப் பார்க்கமாட்டார், நிரப்பமாட்டார். எழுத்துக் குறிப்பை மட்டும் படிக்கும் தானியங்கி, கட்டம் என்று கண்டதை எல்லாம் நிரப்பிவிடும். அது நிரம்பி வந்தால் அனுப்பியது தானியங்கி.

இரண்டாவது, நேரம். பக்கத்தை அனுப்பும்போதே சர்வர் அதில் மணியை எழுதி, அரக்கு முத்திரை வைப்பது போலத் தனக்கு மட்டும் தெரிந்த ரகசியத்தால் முத்திரையிடுகிறது. படிவம் திரும்பி வரும்போது முத்திரை இல்லையென்றாலோ, மூன்று விநாடிக்குள் திரும்பிவிட்டாலோ சந்தேகம். நான்கு கட்டத்தை மூன்று விநாடியில் தட்டும் விரல் யாருக்கும் இல்லை. மூன்றாவது, ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கடிதம் என்ற எண்ணிக்கை.

இப்போது நான்கு பேரை உள்ளே விட்டுப் பார்ப்போம்.

முதல் விருந்தாளி சாதாரணத் தானியங்கி. அரை விநாடியில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டது. பொறியிலும் விழுந்தது, நேரத்திலும் விழுந்தது. அதற்கும் 'நன்றி, கிடைத்தது' என்றே பதில் காட்டுகிறோம். தோற்றுவிட்டாய் என்று சொன்னால் வேறு வழி தேடும். ஜெயித்ததாக நினைத்து அடுத்த வீட்டுக்குப் போகட்டும்.

இரண்டாவது விருந்தாளிக்குக் கண் பார்வை இல்லை. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு வருகிறார். அந்த மென்பொருளுக்குப் பொய்க் கட்டமும் கேட்கும்! அவர் அதை நிரப்பினால் நம் பொறியில் விழுந்தது ஒரு நல்ல விருந்தினர். எனவே அந்தக் கட்டத்தைத் திரை வாசிப்பான் தாண்டிப்போகும்படி குறிக்க வேண்டும். கூடவே 'இதைக் காலியாக விடவும்' என்றும் எழுதிவைக்க வேண்டும். கைப்பேசி தானாகவே பெயர், முகவரி நிரப்பும் வசதியும் இதே போல மாட்டிவிடும். அதனால் பொய்க் கட்டத்துக்கு 'நிறுவனம்', 'முகவரி' போன்ற பெயர்கள் ஆகாது.

மூன்றாமவர் உடுமலைப்பேட்டையில் படிவத்தைத் திறந்து, பாதி எழுதி, காரை எடுத்துவிட்டார். சின்னாறு காட்டுக்குள் சிக்னல் இல்லை. மறையூரில் வெல்லம் வாங்கி, டீ குடித்து, சிக்னல் வந்தபோது 'அனுப்பு' அழுத்துகிறார். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. முத்திரைக்கு அரை மணி ஆயுள் என்று நிரலாளர் வைத்திருந்தால் அந்தக் கடிதம் காற்றில் போயிற்று. மலைநாட்டுப் படிவத்துக்கு ஒரு நாள் ஆயுள் கொடுங்கள். இன்னொன்று: செல்போன் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கின்றன. ஒரு முகவரிக்கு ஒரு கடிதம் என்று கறாராக இருந்தால், அவருக்கு முன்னால் எழுதிய முன்பின் தெரியாத யாருக்காகவோ அவர் மறுக்கப்படுவார். எண்ணிக்கை வரம்பைத் தாராளமாக வைப்பது நல்லது.

நான்காவது வருவது கூலிக்குத் தட்டும் மனிதர், அல்லது உண்மையான உலாவியை இயக்கி நிதானமாக நிரப்பும் கெட்டிக்காரத் தானியங்கி. மூன்று ஏற்பாட்டையும் தாண்டி உள்ளே வந்துவிடும். இதற்கு, எழுதியதைப் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்த ஏலம்?

படித்துப் பிரிக்கிற வேலையில் எல்லோரும் முதலில் செய்வது தடைச்சொல் பட்டியல். இந்த ஊரில் அது எப்படிக் காலைவாரும் என்பதற்கு ஒரே சொல் போதும்: ஏலம். வங்கி பறிமுதல் செய்த கார்கள் ஏலத்தில் பாதி விலை என்று குப்பைக் கடிதங்கள் வரும். 'ஏலம்' என்று வந்தால் தள்ளு என்று எழுதிவைத்தால், ஐம்பது கிலோ ஏலம் வேண்டும், எட்டு எம்.எம். காய் இருக்கிறதா என்று கேட்கும் வியாபாரியும் குப்பைக்குப் போவார். புற்றடியிலும் போடியிலும் ஏலத்துக்கே ஏலம் நடக்கிறது. எந்த ஏலம் எது என்று சொல்லை மட்டும் பார்த்து எப்படித் தெரியும்? செடியின் பெயர் நம்முடையது, கூவி விற்பதன் பெயர் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. எழுத்தில் இரண்டும் ஒன்று.

2002இல் பால் கிரகாம் என்ற நிரலாளர் ஒரு கட்டுரையில் பரப்பிய வழி இதற்கு உதவும். தாமஸ் பேய்ஸ் என்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியாரின் நிகழ்தகவுச் சிந்தனைதான் அடிப்படை. சொல்லைத் தடை செய்யாதே. ஒவ்வொரு சொல்லும் இதுவரை நல்ல கடிதங்களில் எத்தனை முறை, குப்பையில் எத்தனை முறை வந்தது என்று எண்ணு. நண்பருக்கு வரும் கடிதங்களில் 'ஏலம்' இரண்டு பக்கமும் வருவதால் அதற்கு எடை இல்லை. 'கிலோ', 'எம்.எம்.', 'அறை', 'குமுளி' எல்லாம் நல்ல பக்கம் இழுக்கும். 'பாதி விலை', 'உடனே அழுத்துங்கள்', நான்கு லிங்க் எல்லாம் கெட்ட பக்கம் இழுக்கும். எல்லா இழுப்பையும் சேர்த்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால், வியாபாரி ஒரு பக்கமும் கார் ஏலக்காரன் இன்னொரு பக்கமும் போய்விடுவார்கள்.

ரஷ்ய எழுத்தில் வருவதை முழுதாகத் தடுத்துவிடலாமா என்று நானே கேட்டேன். நண்பர் யோசித்தார். "தேக்கடிக்கு ரஷ்யாலேர்ந்து ஆள் வரமாட்டாங்களா சார்?" என்றார். அந்த யோசனையை அதோடு விட்டேன். கெட்ட பக்கம் சாய்ந்த கடிதங்களை அழிக்காமல் தனிப் பெட்டியில் போடும்படி வைத்தோம். சனிக்கிழமை தோறும் அதை அவர் ஒரு பார்வை பார்த்துவிடுகிறார்.

பத்தாயிரம் முறை திருகும் பூட்டு

இவ்வளவும் போதாமல் போகும் பெரிய தளங்களுக்கு இன்னொரு வழி உண்டு. நான்கு இலக்க எண்பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எண் தெரியாதவர் திறக்கப் பத்தாயிரம் முறை வரை திருக வேண்டும். அவர் சொன்ன எண் சரியா என்று பார்க்க நமக்கு ஒருமுறை போதும். இதே மாதிரி ஒரு கணக்கை வருகிறவரின் கைப்பேசியிடம் கொடுத்து, தீர்த்த பிறகுதான் கடிதத்தை ஏற்பது. சிந்தியா ட்வோர்க்கும் மோனி நவோரும் 1992இல் இந்த யோசனையை முன்வைத்தார்கள். 1997இல் ஆடம் பேக் 'ஹேஷ்கேஷ்' என்ற பெயரில் செய்தார். ஒரு கடிதத்துக்கு ஒரு விநாடி என்றால் அறை கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. லட்சம் கடிதம் அனுப்புகிறவனின் கணினிக்கு 27 மணி நேரத்துக்கு மேல் வேலை. அட்டை மேல் உப்பு தூவுவது என்று நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் மலிவான பழைய போனில் அந்த ஒரு விநாடி பத்து விநாடியாகிவிடும். நான்கு அறைக்கு இது வேண்டாம்.

உங்களிடமும் ஒரு தளம் இருந்தால் இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடமாகப் போய் நின்று, உங்கள் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். குமுளி நண்பர் அப்படிச் செய்தபோது கடிதம் வரவேயில்லை. தன் சொந்த மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியில் அது கிடந்தது. அதற்குக் கீழே, அறை கேட்டு எழுதிய இரண்டு விருந்தினர்களும் பத்து நாளாகக் காத்திருந்தார்கள்.